ஊன்றீசர் கொடுத்த கோல்



மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் வாலாஜாபாத்தில் விடியற்காலையிலேயே வாசல் தெளித்துக் கோலமிட்டுவிடுவார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக எங்கள் ஊர் வழியே பழையசீவரத்துக்கு எழுந்தருளும் நாள் அது. அங்கே மலைமீது லக்ஷ்மி நரசிம்மர் சந்நிதி. எதிரே பாலாற்றின் அக்கரையில் திருமுக்கூடல். ஆண்டுதோறும் பெருமாள் நம்மைத் தேடி வரும் அந்த ஒரு நாளுக்காக இங்குள்ள முதியவர்கள் மார்கழி முழுவதும் காத்திருப்பார்கள்.

என் தமக்கையார் எங்களுடனேயே வசிக்கிறார். அவருக்கு வயது 76. நினைவு தெரிந்த நாள் முதல் அந்தச் சேவையைத் தவறவிட்டவர் அல்லர். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த மாட்டுப் பொங்கலன்று, இரண்டு தெரு தள்ளி ஒலித்த நாதஸ்வரத்தைக் கேட்டபடி வீட்டுக்குள்ளேயே கைகூப்பி நின்றுவிட்டார். "பெருமாள் வந்திருக்கிறார் அக்கா, கைபிடித்து அழைத்துப் போகிறேன்" என்றேன். "வேண்டாம் தம்பி. விழுந்தால் எல்லோருக்கும் தொல்லை. இனி எனக்கு இந்தக் கூடமே சந்நிதி" என்றார்.

அதற்கு முந்தைய கார்த்திகையில் ஒரு பிரதோஷ மாலை, சிவன் கோயில் பிராகாரத்தில் அவர் வழுக்கி விழுந்திருந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் மனத்தில் விழுந்த கட்டு பிரியவில்லை. வாயிற்படியைத் தாண்டவே அஞ்சினார். நாள்தோறும் கோயிலுக்கு நடந்த கால்கள் கூடத்துக்கும் பூஜை அறைக்கும் இடையில் சுருங்கின. நடை குறையக் குறையத் தசை தளரும். தசை தளரத் தளர மீண்டும் விழும் வாய்ப்புக் கூடும். இந்தச் சுழலை எங்களுக்கு விளக்கியவர் இயன்முறை மருத்துவர் ஒருவர். அவர் கேட்ட முதல் கேள்வி எங்களை வியப்பில் ஆழ்த்தியது: "விழுந்த அன்று கையில் இருந்த கோலையும் காலில் இருந்த செருப்பையும் கொண்டுவர முடியுமா?"

இந்த வாரப் பகுதி அந்தக் கேள்வியைப் பற்றியது. கோயிலுக்குப் போக மனமிருந்தும் தள்ளாட்டத்துக்கு அஞ்சி வீட்டில் அமர்ந்திருக்கும் அன்பர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

கோல் இழுக்கா?

நம்மில் பலர் கோலைக் கையில் எடுப்பதை மானக்குறைவாகக் கருதுகிறோம். நானும் விலக்கல்லேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மழையில்லாத நாளிலும் குடையை ஊன்றிக்கொண்டு நடந்த காலம் எனக்கு உண்டு. பார்ப்பவர் குடை என்று எண்ணட்டும் என்பதே உள்நோக்கம். ஆனால் குடையின் கம்பி மனிதனின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. அதன் உலோக முனை கருங்கல்லில் பனிக்கட்டிபோல் வழுக்கும்.

கோலை இழுக்கென்று நினைப்போர் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த உறுதிமொழியை மீறி எல்லை கடந்ததால் இரு கண்ணொளியும் இழந்த அவர், தடவித் தடவித் திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். கோயிலில் இருக்கிறீரோ என்று இறைவனைக் கேட்டார். இருக்கிறோம், நீர் செல்லும் என்ற பொருளில் மறுமொழி வந்தது. கூடவே ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தது. பார்வையைத் தராமல் கோலைத் தந்தாரே என்ற சினத்தில் சுந்தரர் அதை வீச, அது நந்தியின் கொம்பில் பட்டு ஒடித்தது என்பது தல வரலாறு. இறைவனுக்கு ஊன்றீஸ்வரர் என்றே திருநாமம். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய கோயில் நீர்ப்பரப்புக்குள் போக, பின்னர் கரையில் எழுப்பப்பட்ட ஆலயத்தில் இன்றும் சுவாமியைத் தரிசிக்கலாம். அங்கிருந்து புறப்பட்ட சுந்தரர் காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

இதில் அடியேன் கண்ட பொருள் எளியது. பார்வை கிடைக்கும்வரை வீட்டில் இரு என்று தம்பிரான் தோழரிடம் இறைவன் சொல்லவில்லை. கோலைக் கொடுத்து நடக்கச் சொன்னார். சுந்தரருக்கும் முதலில் கோலைப் பிடிக்கவில்லை என்பதும் நமக்கு ஆறுதல்தானே!

திருவள்ளுவரும், ஒழுக்கமுடையோர் வாய்ச்சொல்லின் பெருமையை உணர்த்த வழுக்கும் நிலத்தில் நடப்பவனின் ஊன்றுகோலையே கேள்வி அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார்.

தள்ளாட்டம் எங்கிருந்து வருகிறது?

வங்கியில் சில கணக்குகளுக்கு மூவர் கையொப்பம் வேண்டும். உடலின் நிலைப்பாடும் அப்படிப்பட்ட கணக்குத்தான். கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டே மூளை நம்மை நிமிர்ந்து நிற்க வைக்கிறது. ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். இரண்டு மங்கினால் கால் தடுமாறும். முதுமையில் கண்புரை கண்ணை மறைக்கிறது. நீரிழிவு பாதத்தின் உணர்வை அரிக்கிறது. தலையை அண்ணாந்தாலோ படுக்கையில் புரண்டாலோ சுழற்றும் உட்செவிக் கோளாறும் சிலருக்கு உண்டு.

ஆகவே கோல் வாங்குமுன் மருத்துவரைக் காண்பது முறை. சில காரணங்களுக்கு எளிய தீர்வு உண்டு. இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழும்போது வரும் கிறுகிறுப்புக்கு அதுவே காரணமாகலாம். தூக்க மாத்திரையும் சில அழுத்த மாத்திரைகளும் இதைக் கூட்டும். நாமாக மாத்திரையை நிறுத்தலாகாது. மருத்துவரே அளவை மாற்ற வேண்டும். நம் போன்ற சைவ உணவினர் வைட்டமின் பி12 அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் அது குறையக்கூடும்; குறைந்தால் பாதம் மரத்து நடை தளரும். என் தமக்கையாருக்கு அந்தக் குறை இருந்தது. ஊசி மருந்தில் பெருமளவு சரியாயிற்று.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் மட்டுமே உயிரிழக்கிறார்கள். சாலை விபத்துக்கு அடுத்தபடியாக, தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் இது இரண்டாம் இடம். 'வயதானால் விழுவது இயல்பு' என்று தள்ளிவிடும் செய்தியன்று இது.

அப்பாவின் கைத்தடி

தமக்கையார் ஊன்றிச் சென்றது எங்கள் தந்தையாரின் கருங்காலிக் கைத்தடி. தந்தையார் குழித்தறியில் பட்டு நெய்து எங்களை வளர்த்தவர், நெடிய உருவம். அவர் மறைந்த பின் அந்தத் தடி பூஜை அறைச் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. முழங்கால் வலி வந்தபோது அக்கா அதை எடுத்துக்கொண்டதை நாங்கள் பொருத்தமென்றே நினைத்தோம்.

இயன்முறை மருத்துவர் அக்காவைச் செருப்பணிந்து நேராக நிற்கச் செய்து, கையைத் தளரத் தொங்கவிடச் சொன்னார். மணிக்கட்டின் உட்புற மடிப்புக் கோட்டிலிருந்து தரைவரை அளந்தார். இருபத்தொன்பதரை அங்குலம். அப்பாவின் தடியோ 35 அங்குலம். "கோலின் தலை மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். இது உயரம் கூடியதால் தோள் தூக்கிக்கொள்கிறது. எடையை இறக்கிவைக்க முடிவதில்லை. குட்டையாக இருந்தால் முதுகு கூனும். இது உங்கள் அப்பாவுக்கு அளவெடுத்த தடி அம்மா" என்றார்.

அடுத்து தடியைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடியில் ரப்பர் இல்லை; வெறும் மரம், தேய்ந்து மழமழவென்றிருந்தது. அபிஷேக நீர் வழிந்த கருங்கல்லில் அது நழுவியதில் வியப்பில்லை. மூன்றாவது பிழை, பிடித்த கை. நோவது இடது முழங்கால், தடியும் இடக்கையில். பெரும்பாலோர் செய்யும் பிழை இது. நோகும் காலுக்கு எதிர்க்கையில்தான் கோல் இருக்க வேண்டும். இடக்கால் நொந்தால் வலக்கையில் கோல். அந்தக் கோலும் நோகும் காலும் ஒன்றாக முன்னே செல்ல வேண்டும். பிறகு நல்ல கால். நாம் இயல்பாக நடக்கும்போதும் இடக்காலோடு வலக்கைதானே வீசுகிறது? அந்த இயல்பையே கோல் பின்பற்றுகிறது.

தடியை வெட்டிக் குறைக்கலாம் என்று நான் சொன்னதும் அக்கா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். கடையில் வேறு வாங்கித் தருவதாகவும் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. இரண்டு நாள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்: "நான் சிறுமியாகத் தறியில் உட்கார்ந்தபோது மிதிக்கட்டை என் காலுக்கு எட்டாது. அப்பா கயிற்றைக் குறுக்கிக் கட்டி மிதியை எனக்காக உயர்த்தித் தந்தார். இருந்திருந்தால் இதையும் என் அளவுக்குக் குறைத்துத்தான் தந்திருப்பார். ஆசாரியை வரச் சொல்."

தறி வேலை செய்யும் தச்சர் வந்தார். அடியில் பொருத்தும் ரப்பரின் கனத்தையும் கணக்கிட்டு ஆறு அங்குலம் அறுத்தார். கடைகளில் 'ரப்பர் புஷ்' என்று கேட்டால் அளவுக்கேற்பக் கொடுப்பார்கள், விலை சொற்பம். அதன் அடியில் உள்ள வரிப்பள்ளங்கள் தேய்ந்து மழுங்கினால் உடனே மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை, அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்கள், கோலைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். அறுத்தெடுத்த ஆறு அங்குலத் துண்டை அக்கா அப்பாவின் படத்தின் கீழே வைத்திருக்கிறார்.

எவருக்கு எந்தக் கோல்?

ஒரு பக்க வலியோ இலேசான தள்ளாட்டமோ உள்ளவர்களுக்கு ஒற்றைக் கோல் போதும். பிடி வளைந்திருப்பதைவிட உள்ளங்கை முழுதும் அமரும் தட்டையான பிடி கைக்கு இதமானது. அலுமினியக் கோல்களில் பொத்தானை அழுத்தி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பொத்தான் துளையில் முழுமையாக வெளிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பக்கவாதம் போன்றவற்றால் ஒரு பக்கம் நன்கு தளர்ந்தவர்களுக்கு அடியில் நான்கு கால் உள்ள கோல் உதவும். அதன் நான்கு காலும் ஒருசேரத் தரையில் பதிய வேண்டும். மேடுபள்ளத்தில் அது ஆடும்.

இரு பக்கமும் தளர்ந்தவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடை பழகுவோருக்கும் வாக்கர் ஏற்றது. வாக்கரை வெகுதூரம் முன்னே தள்ளிவிட்டு அதைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. அதன் சட்டத்துக்குள் நம் உடல் இருக்க வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து நோகும் கால், பின் நல்ல கால். வாக்கரைக் கொண்டு படியேறக் கூடாது. நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழுவதும் ஆபத்து. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து நின்ற பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும்.

படிகளுக்கு ஒரு விதி. மேலேற நல்ல கால் முன்னே. கீழிறங்க நொந்த கால் முன்னே. ஏறும்போது நல்ல கால் மேற்படியில் வைத்து உடலைத் தூக்கியபின் கோலும் நோகும் காலும் சேரும். இறங்கும்போது கோலும் நோகும் காலும் முதலில் கீழ்ப்படிக்கு, பின் நல்ல கால். ஒரு கையில் கைப்பிடிக் கம்பி, மறு கையில் கோல். காஞ்சி அத்தி வரதர் தலமான வரதராஜர் கோயிலில் அத்திகிரிக்கு ஏறும் 24 படிகளைக் காயத்ரியின் 24 எழுத்துகளாகப் பெரியோர் போற்றுவர். ஒரு படிக்கு ஓர் எழுத்தென்று நிதானமாக ஏறினால் மூச்சும் வாங்காது, காலும் தவறாது. இரண்டு பார்வைக் கண்ணாடி அணிவோர் இறங்கும்போது கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். படிக்கும் பகுதி வழியே பார்த்தால் படி மங்கித் தெரியும்.

பாதரட்சை என்னும் காப்பு

பாதுகையின் பெருமையைப் பக்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரதாழ்வான் பதினான்கு ஆண்டுகள் பாதுகைக்கே அரசு நடத்தினான். காஞ்சித் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகர் பாதுகையைப் பற்றியே 1008 சுலோகங்கள் கொண்ட பாதுகா ஸஹஸ்ரத்தை அருளினார். அப்படிப்பட்ட பாதரட்சையை நாம் வாங்கும்போது மட்டும் மலிவையும் எளிதில் கழற்றும் வசதியையும் தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை.

அக்காவின் காலில் இருந்தது தேய்ந்த ஹவாய்ச் செருப்பு. குதிகாலில் பிடிப்பில்லாத செருப்பை நழுவவிடாமல் இருக்க நாம் அறியாமலே கால்விரல்களை மடக்கி, பாதத்தை இழுத்து இழுத்து நடக்கிறோம். இழுத்து நடக்கும் கால் சிறு கல்லிலும் இடறும். தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு வேண்டியது இதுதான்: குதிகாலைச் சுற்றி வார், மேலே இறுக்கித் தளர்த்தக்கூடிய ஒட்டுப்பட்டை, ஓர் அங்குலத்துக்கு மேற்படாத, அகன்ற குதி, மிக மெத்தென்று அமுங்காத, வரிப்பள்ளம் உள்ள அடிப்பாகம். மெத்தை போன்ற தடித்த அடிப்பாகம் இதமாகத் தோன்றினாலும், தரையின் உணர்வைப் பாதத்துக்கு எட்டவிடாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்நேரத்தில் வாங்கினால் அளவு பொய்க்காது. இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். வீட்டில் மழமழப்பான தரையில் வெறும் காலுறையோடு நடத்தல் கூடாது.

நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. நுண்ணறைகள் கொண்ட ரப்பரால் ஆனது அது. இதன் பின்னே நம் வட தமிழகத்தின் கதை ஒன்று உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு முக்கியக் காரணம் உணர்விழந்த பாதத்தில் விழும் அழுத்தமே என்று கண்டு, அந்த அழுத்தத்தைப் பரவலாக்கும் காலணிகளுக்காக உழைத்தார். வேலூரிலும் 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் நடந்த அந்தப் பணியின் பயனை இன்று நீரிழிவு நோயாளிகளும் அடைகிறார்கள். மரத்த பாதத்தினர் செருப்பை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கல்லோ முள்ளோ இருந்தால் கால் சொல்லாது.

சந்நிதிக்குள் நடக்கையில்

கோயிலுக்குள் வெறுங்காலே முறை. ஆகவே அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். என் அனுபவத்திலும் மருத்துவர் சொல்லியும் அறிந்தவற்றைத் தருகிறேன்.

செருப்பை நின்றபடி கழற்றாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணத்தில்தான் பலர் சாய்கிறார்கள். திண்ணையிலோ மண்டபத்துப் படியிலோ அமர்ந்து கழற்றலாம், அமர்ந்தே அணியலாம்.

தெருவில் ஊன்றிய கோலை உள்ளே கொண்டு போவதா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. கால் கழுவும் இடத்தில் ரப்பர் அடியையும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டால் போதும். இன்னும் ஆசாரம் பார்ப்போர் கோயிலுக்கென்று தனிக்கோல் வைத்துக்கொள்ளலாம். கோலின்றிப் போவது மட்டும் வேண்டாம்.

வெயிலிலிருந்து கருவறை நோக்கி நுழைந்ததும் நின்றுவிடுங்கள். முதிய கண்ணுக்கு இருள் பழக இரண்டொரு நிமிடமாவது ஆகும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவது நம் மரபு. கோலை மறுபுறம் ஊன்றி, ஒரு கையால் நிலையைப் பற்றிக்கொண்டு தாண்டலாம்.

நவக்கிரக சந்நிதியைச் சுற்றி எண்ணெய், தேங்காய் உடைக்கும் இடத்தில் இளநீர், கோமுகியின் அருகே அபிஷேக நீர். இம்மூன்று இடங்களும் வழுக்குமிடம் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தன்னைத்தானே சுற்றும் ஆத்ம பிரதட்சிணமும், கோபுர உச்சியை நெடுநேரம் அண்ணாந்து பார்ப்பதும் கிறுகிறுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. விழுந்து வணங்க முடியாதவர்கள் அமர்ந்து கைகூப்பினால் இறைவன் கணக்கில் குறைத்து வரவு வைக்கமாட்டார்.

கோடையில் நண்பகல் பிராகாரத்தைத் தவிர்த்துக் காலைச் சந்தியில் செல்லுங்கள். நீரிழிவினர் வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்; சுட்ட கல்லின் கொப்புளம் வலிக்காமலே இருக்கக்கூடும்.

மலைக்கோயில்களில் இப்போது வழிகள் பெருகியிருக்கின்றன. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 2024 மார்ச் மாதம் முதல் ரோப் கார் ஓடுகிறது. பல பெரிய கோயில்களில் சக்கர நாற்காலியும் பேட்டரி காரும் உள்ளன. கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

உதவி பெற வழி

கோல் வாங்க வசதியில்லாத அன்பர்களும் வாசகர்களில் இருப்பர். அவர்களுடைய அண்டை வீட்டாரும் இருப்பர். மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 60 வயது நிறைந்தவர்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோரும், மாத வருமானம் ரூ.15,000க்கு மேற்படாதோரும் முகாம்களில் மதிப்பீடு செய்யப்பட்டு ஊன்றுகோல், வாக்கர், நான்கு கால் கோல், சக்கர நாற்காலி, மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி போன்றவற்றை விலையின்றிப் பெறலாம். கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் மத்திய அரசு நிறுவனம் இவற்றை வழங்குகிறது. அடுத்த முகாம் எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் இயன்முறைச் சிகிச்சையும் இல்லம் தேடி வருகிறது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது.

முதியோரையும் நோயாளிகளையும் பேணுவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழரின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. கோயிலோடு சேர்ந்த ஆதுலர் சாலை ஒன்றை அது விவரிக்கிறது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று வங்கிப் பேரேடுபோல் அதில் கணக்கு இருக்கிறது. தளர்ந்த உடலைத் தாங்குவதைத் தெய்வப் பணியின் ஒரு பகுதியாகவே நம் முன்னோர் எழுதி வைத்தார்கள். பிரதோஷத்தன்று பிராகார ஈரத்தைத் துடைக்கவும் படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கவும் உபயதாரராக முன்வருவோர் அந்த வரிசையில் சேர்வார்கள். அன்னதானத்துக்கு எழுதுவதுபோல் இதற்கும் எழுதலாம்.

அக்காவின் செய்தியைச் சொல்லாமல் முடித்தால் வாசகர்கள் மன்னிக்கமாட்டீர்கள். அளவு குறைத்த தடி, வார் வைத்த செருப்பு, தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி, ஊசி மருந்து. இவற்றோடு முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை, பங்குனியில் பிள்ளையார் கோயில்வரை நடந்தார். மறு ஆண்டு மாட்டுப் பொங்கலன்று, பெருமாள் வரும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே முதன்மைச் சாலையோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். திருவடிக் குடைகள் தெரிந்ததும் நான் கைகொடுக்கப் போனேன். "நீ பெருமாளைப் பார், தம்பி" என்று சொல்லி, நாற்காலியின் கையை ஒரு கையால் ஊன்றி, அப்பாவின் கோலை மறு கையால் பற்றி, தானாகவே எழுந்து நின்றார். சேவை முடியும்வரை அமரவில்லை.

கோலை ஒளித்து வைத்திருக்கும் அன்பர்கள் இந்த வாரம் அதை எடுத்து, மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்கிறதா என்று ஒரு முறை அளந்து பாருங்கள்.

(அடுத்த இதழில்: விரத நாட்களில் மாத்திரை உட்கொள்ளும் முறை)